தென்னாப்பிரிக்கக் கடற்கரை: திமிங்கலம், டால்பின், கடல்நாய் ஆகியவற்றைச் செப்டம்பரில் எங்கே பார்க்கலாம்?

கேள்வி – கோவைப் பயணி

நண்பர்களுக்கு வணக்கம். வரும் செப்டம்பர் மாதத்தின் பிற்பாதியில் குடும்பத்தோடு தென்னாப்பிரிக்கா செல்லவிருக்கிறோம். சிங்கத்தையும் யானையையும் எங்கே பார்ப்பது என்பதற்குத் தகவல் குவிந்து கிடக்கிறது. எங்கள் வீட்டாருக்கோ ஆசையெல்லாம் கடலின்மேல்தான். திமிங்கலத்தை ஒரு முறையாவது நேரில் பார்க்க வேண்டும் என்பது என் தாயாரின் நெடுநாள் விருப்பம். மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகளுக்குக் கடல்நாய்களைப் பார்த்தால் போதும்.

பயண முகவர் அனுப்பிய திட்டத்தில் கேப் டவுன், ஹெர்மானஸ், பிளெட்டன்பெர்க் பே, டர்பன், செயின்ட் லூசியா என்று இரண்டு வாரத்துக்குள் ஐந்து ஊர்கள் வருகின்றன. ஒவ்வோர் ஊரிலும் ஒரு படகுப் பயணம் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. என் தாயாருக்கு முழங்கால் வலி உண்டு. படகில் ஏறினால் குமட்டல் வந்துவிடும். ஆகவே, கரையிலிருந்தே இவற்றைப் பார்க்க முடியுமா, இத்தனை ஊர்களும் உண்மையிலேயே தேவைதானா, கடல்நாய்களுக்கு அருகில் குழந்தையை அழைத்துச் செல்வது பாதுகாப்பானதா என்பவற்றை அங்கே வாழ்பவர்களோ சென்று வந்தவர்களோ சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பதில் 1 – மேசைமலை அடிவாரம்

வணக்கம். கேப் டவுனில் பல ஆண்டுகளாக வசிப்பவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் முகவரின் திட்டத்தில் பாதியை வெட்டிவிடலாம். செப்டம்பரில் வருபவர் திமிங்கலத்துக்காக டர்பன் வரை போக வேண்டிய தேவை இல்லை. படகில் ஏறவும் தேவை இல்லை. உலகில் மிகச் சில இடங்களில்தான் பெருந்திமிங்கலம் மனிதர் நிற்கும் பாறைக்கு இவ்வளவு அருகில் வரும். அவற்றுள் ஒன்று கேப் டவுனிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ஹெர்மானஸ்.

அங்கே நீங்கள் பார்க்கப்போவது தெற்கத்திய ரைட் திமிங்கலம். கோடையில் தெற்கே குளிர்ந்த கடல்களில் இரை தேடும் இந்த இனம், ஈனுவதற்கும் இணை சேர்வதற்கும் ஜூன் மாதம் தொடங்கி இந்தக் கரைக்கு வந்து நவம்பர் வரை தங்குகிறது. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரையிலான காலமே உச்சம் என்பதால் நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் நாட்களில் குறை சொல்ல ஏதுமில்லை. தாயும் கன்றும் அலை அடங்கிய, ஆழம் குறைந்த மணற்பாங்கான விரிகுடாக்களையே நாடுகின்றன. ஹெர்மானஸ் அமைந்திருக்கும் வாக்கர் விரிகுடா அப்படிப்பட்டதுதான்; அதனால்தான் கரையில் நிற்பவருக்கும் அவை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தெரிகின்றன.

ஊரை ஒட்டிக் கடலோரப் பாறைகளின்மேல் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நடைபாதை செல்கிறது. முழுவதும் நடக்க வேண்டும் என்பதில்லை. பழைய துறைமுகத்தையும் கியரிங்ஸ் பாயிண்ட் என்ற முனையையும் ஒட்டிய பகுதி சமதளமாகவும் இருக்கைகளோடும் இருப்பதால், உங்கள் தாயார் வண்டியை விட்டு இறங்கிச் சிறிது தூரம் நடந்து அமர்ந்துகொண்டாலே போதும். அங்கே கடற்பாசித் தண்டால் ஆன ஊதுகுழலை ஊதித் திமிங்கலம் எந்தப் பக்கம் தென்படுகிறது என்று அறிவிப்பதற்கென்றே ஒருவரை நகரம் 1992 முதல் நியமித்து வருகிறது. குழந்தைக்கு அது மிகவும் பிடிக்கும்.

எதைத் தேட வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு போனால் பாதி வேலை முடிந்தது. இந்தத் திமிங்கலத்துக்கு முதுகுத் துடுப்பு கிடையாது. ஆகவே முதலில் பார்க்கும்போது நீரில் மூழ்கிக் கிடக்கும் கரும்பாறை என்றே தோன்றும். மூச்சு விடும்போது நீர்த்திவலை இரு கிளையாகப் பிரிந்து எழும். தலையில் வெள்ளைத் திட்டுகள் ஒட்டியிருக்கும்; தடித்த தோலின்மேல் கடற்பேன்கள் குடியிருப்பதால் வரும் நிறம் அது. அத்திட்டுகள் அமைந்திருக்கும் விதம் திமிங்கலத்துக்குத் திமிங்கலம் வேறுபடுவதால், ஆய்வாளர்கள் வானிலிருந்து எடுத்த படங்களைக் கொண்டே ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடையாளம் காண்கிறார்கள். சில வேளைகளில் வாலை நீருக்கு மேலே தூக்கிக் காற்றில் பாய்மரம்போல் நிறுத்தி வைத்திருக்கும்; அதைப் பார்த்துவிட்டால் உங்கள் தாயாரை அந்த இருக்கையிலிருந்து எழுப்புவது கடினம்.

ஹெர்மானஸோடு நிறுத்திவிடாதீர்கள். அதே விரிகுடாவின் மறுகரையில், கான்ஸ்பாய் செல்லும் வழியில், டி கெல்டர்ஸ் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே பாறைச் சரிவு உயரமாக இருப்பதால், கீழே தெளிந்த நீரில் கன்று தாயின் முதுகின்மேல் உருளுவது வரை தெரியும். ஹெர்மானஸில் கடைகளும் கூட்டமும் அதிகம்; டி கெல்டர்ஸில் இரண்டும் இல்லை. என் வாக்கு இரண்டாவதற்கே.

இன்னும் கிழக்கே போனால் டி ஹூப் இயற்கைக் காப்பகம். நாட்டிலேயே தெற்கத்திய ரைட் திமிங்கலங்கள் மிகுதியாகக் கன்று ஈனும் இடம் அதுவே. கொப்பி அல்லீன் என்ற இடத்தில் வெண்மணற்குன்றுகளின்மேல் நின்றால், நல்ல நாளில் ஒரே பார்வைக்குள் பத்துப் பதினைந்து திமிங்கலங்கள் அகப்படும். பிரெடாஸ்டார்ப் ஊரைக் கடந்ததும் சரளைச் சாலைதான் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். ஐந்து நாள் நடைப்பயணம் ஒன்றும் அங்கே உண்டு. அது உங்களுக்கானது அன்று.

கடல்நாய்களுக்குக் கேப் டவுனை விட்டு வெளியே போகவே வேண்டாம். நகரின் நடுவிலுள்ள விக்டோரியா – ஆல்பிரட் துறைமுகப் பகுதியில், மீன் காட்சியகத்தின் அருகே, அவை ஏறிப் படுப்பதற்கென்றே மிதவை மேடை அமைத்திருக்கிறார்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக்கொண்டு, இடத்துக்காக ஒன்றையொன்று கடிக்க வருவதும் உறுமுவதுமாக, மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கலாம். கட்டணம் இல்லை.

ஒரு சிறு எச்சரிக்கை: செப்டம்பர் இறுதியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ ஹெர்மானஸில் திமிங்கலத் திருவிழா நடக்கும், செப்டம்பர் 24 பொது விடுமுறையும்கூட. அந்த நாட்களில் அறை கிடைப்பது அரிது, கிடைத்தாலும் வாடகை ஏறியிருக்கும். இயன்றால் அதற்கு முந்தைய வார நாட்களில் போய்விடுங்கள்.

பதில் 2 – டர்பன்வாசி

மேலே நண்பர் எழுதியதை மறுக்கவில்லை. ஆயினும் கிழக்குக் கரையை ஒரே வரியில் ஒதுக்கிவிட்டாரே என்ற ஆதங்கத்தில் இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்துக் கடலில் வருவது கூன்முதுகுத் திமிங்கலம். ஜூன், ஜூலை மாதங்களில் மொசாம்பிக் பக்கத்து வெப்ப நீரை நோக்கி வடக்கே போகும் இவை, செப்டம்பர் முதல் நவம்பர் வரை கன்றுகளோடு தெற்கே திரும்புகின்றன. ரைட் திமிங்கலம் விரிகுடாவுக்குள் வந்து வாரக்கணக்கில் தங்கும். இதுவோ வழிப்போக்கன், கரையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளித் தன் வழியே போய்க்கொண்டிருக்கும். ஆனால் துள்ளுவதில் இதற்கு நிகர் இல்லை. முப்பது டன் உடம்பு முழுவதும் நீரை விட்டு வெளியே வந்து சாய்ந்து விழும்போது எழும் நுரையை உம்லாங்கா கடற்கரையில் நின்றே வெறுங்கண்ணால் பார்க்கலாம். செயின்ட் லூசியா, 1999இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இசிமங்கலிசோ ஈரநிலப் பூங்காவின் வாயில். அங்கே காலையில் திமிங்கலமும் மாலையில் கழிமுகத்தில் நீர்யானையும் என ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம் என்பதால்தான் முகவர்கள் அதை விடாமல் சேர்க்கிறார்கள்.

ஆனால் உங்கள் தாயாரின் உடல்நிலையைப் படித்த பிறகு நானும் வேண்டாம் என்றே சொல்வேன். செயின்ட் லூசியாவில் படகுத்துறை கிடையாது. கடற்கரை மணலிலிருந்தே படகைத் தள்ளிவிட்டு, பாதத்தை வளையத்தில் நுழைத்துக்கொண்டு பிடிமானத்தைப் பற்றியிருக்கச் சொல்லி, அலை உடையும் இடைவெளி பார்த்து விசைப்பொறியை முடுக்கி ஒரே பாய்ச்சலாகக் கடப்பார்கள். திரும்பும்போது அதே வேகத்தில் மணலில் கொண்டுவந்து ஏற்றுவார்கள். இளைஞர்களுக்கு அது கொண்டாட்டம், முழங்கால் வலி உள்ளவருக்குத் தண்டனை. பிளெட்டன்பெர்க் பே படகுகளும் கடற்கரையிலிருந்தே புறப்படுகின்றன என்பதால் அங்கேயும் இதே நிலைதான்.

மற்றொன்று, உங்கள் முகவர் சார்டைன் மீன்கூட்ட ஓட்டத்தைக் காட்டுவதாகச் சொன்னால் நம்ப வேண்டாம். குளிர்காலத்தில் கரையோரக் கடல் குளிரும்போது கோடிக்கணக்கான சார்டைன்கள் கிழக்குக் கேப் பக்கத்திலிருந்து எங்கள் மாகாணத்தை நோக்கி வருவதும், ஆயிரக்கணக்கான டால்பின்களும் சுறாக்களும் கேனட் பறவைகளும் அவற்றைச் சூழ்ந்து வேட்டையாடுவதும் ஜூன், ஜூலையில் நடப்பவை. அக்காலத்தில் இங்கே வலையிழுக்கும் குடும்பங்களில் பல, கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம்மவர்களின் வழிவந்தவை. கரைவலையை இழுத்து மணலில் கொட்டும் காட்சி தமிழ்நாட்டுக் கடற்கரையில் நிற்பதாகவே எண்ண வைக்கும். செப்டம்பரில் அது முடிந்துவிடும். இதற்காகவே ஒருமுறை ஜூன் இறுதியில் வாருங்கள்.

பதில் 3 – தொலைநோக்கி

படகே வேண்டாம் என்ற முடிவுக்கு எல்லோரும் விரைந்து வந்துவிட்டதாகத் தோன்றுகிறது. திமிங்கலத்துக்குக் கரை போதும் என்பது சரி. டால்பினுக்கு அது போதாது. கரையில் நிற்பவருக்கு டால்பின் என்பது தொலைவில் தோன்றி மறையும் சில துடுப்புகள் மட்டுமே. தாயாரைக் கரையில் விட்டுவிட்டு நீங்களும் மகளும் மட்டும் ஒரு காலை வேளையைக் கடலுக்கு ஒதுக்குங்கள்.

கேப் டவுனின் தெற்கே சைமன்ஸ் டவுனில் முறையான படகுத்துறை உண்டு. அங்கிருந்து ஃபால்ஸ் விரிகுடாவுக்குள் போகும் படகுகளில் சாதா டால்பின்கள் நூற்றுக்கணக்கில், அதிர்ஷ்டம் இருந்தால் ஆயிரக்கணக்கில், எதிர்ப்படும். படகின் முகப்பலையில் அவை ஏறிக்கொண்டு சறுக்கும்போது மூச்சுவிடும் ஓசை காதில் விழும். ஆண்டு முழுவதும் அந்த நீரிலேயே வாழும் பிரைடின் திமிங்கலமும் அங்கேதான் தென்படும். உங்கள் தாயார் அதே ஊரின் போல்டர்ஸ் கடற்கரையில் பென்குயின்களைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கலாம்.

மேற்குக் கரைக்கே உரிய டால்பின் ஒன்று உண்டு. நான் அதன் தீவிர ஆதரவாளன் என்பதால் சொல்லாமல் விட முடியவில்லை. ஹெவிசைட் டால்பின் என்ற இந்தச் சிறிய இனம், கேப் டவுன் பக்கத்திலிருந்து நமீபியா வழியாக அங்கோலாவின் தென்பகுதி வரையுள்ள குளிர்நீரோட்டத்தில் மட்டுமே வாழ்கிறது. உலகில் வேறெங்கும் இல்லை. நீளம் ஒன்றேமுக்கால் மீட்டருக்குள்தான். உடம்பு சாம்பலும் கறுப்பும் வெள்ளையுமாகத் தீட்டி வைத்ததுபோல் இருக்கும். இரவில் ஆழ்கடலுக்குப் போய் இரை தின்று, விடிந்ததும் கரையோரம் வந்து இளைப்பாறும் வழக்கம் அதற்கு உண்டு. ஆகவே காற்று கிளம்புமுன் காலை நேரத்தில் டேபிள் விரிகுடாவிலோ, இரண்டரை மூன்று மணி நேரப் பயணத்தில் வடக்கேயுள்ள லாம்பர்ட்ஸ் பே ஊரிலோ தேடினால், அலை உடையும் இடத்துக்கு அருகிலேயே கிடைக்கும்.

பிளெட்டன்பெர்க் பே பற்றியும் ஒரு வார்த்தை. படகு வேண்டாம் என்றாலும் ராபர்க் தீபகற்பம் தனிச் சிறப்புடையது. செங்குத்தான பாறை விளிம்பில் செல்லும் பாதையிலிருந்து கீழே பார்த்தால் கடல்நாய்க் கூட்டம் முழுவதும் தெரியும்; தென்னாப்பிரிக்கக் கடலில் 500க்கும் குறைவாகவே எஞ்சியிருப்பதாகக் கணிக்கப்படும் இந்தியப் பெருங்கடல் கூன்முதுகு டால்பினும் அந்த விரிகுடாவில் நடமாடுகிறது. ஆனால் பாதை கரடுமுரடானது. கேப் டவுனிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்ட வேண்டும். இந்த முறை விட்டுவிடுங்கள்.

பதில் 4 – கடல்நீரோட்டம்

கடல்நாய்களை நெருங்குவது பற்றிய கேள்விக்கு இதுவரை யாரும் விடையளிக்கவில்லை. சுருக்கமாகச் சொன்னால், நெருங்கக் கூடாது. 2024ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்கக் கடல்நாய்களிடையே வெறிநோய் (ரேபிஸ்) பரவியிருப்பது ஆய்வகச் சோதனையில் உறுதி செய்யப்பட்டது. கடல்வாழ் பாலூட்டிகளில் வெறிநோய் இவ்வாறு பரவுவது மிகவும் அரிதான செய்தி. நோய் இல்லாத கடல்நாயின் கடியே தையல் போடும் அளவுக்கு ஆழமாக இறங்கும். கடற்கரையில் சோம்பிக் கிடக்கும் குட்டியைப் பார்த்து மகள் ஓடிவிடாமல் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கடிபட்டால் காயத்தைச் சோப்பும் நீரும் விட்டு நன்றாகக் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போய், கடித்தது கடல்நாய் என்று சொல்லித் தடுப்பூசி கேட்க வேண்டும். துறைமுகப் பகுதியில் உணவு கொடுத்து அவற்றை அருகில் வரவழைத்துக் காட்டி, பணம் கேட்கும் ஆட்களைக் கண்டால் விலகிப் போய்விடுங்கள்.

குழந்தைக்குக் கடல்நாய்க் கூட்டத்தையே காட்ட வேண்டும் என்றால் ஹவுட் பே துறைமுகத்திலிருந்து டைக்கர் தீவுக்குப் போகும் படகு பொருத்தமானது. முக்கால் மணி நேரத்தில் போய்த் திரும்பிவிடும். யாரும் தீவில் இறங்குவதில்லை. தீவை நெருங்கும்போது காற்று உங்கள் பக்கம் வீசினால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்கும். கான்ஸ்பாய்க்கு எதிரேயுள்ள கெய்சர் பாறையில் பல்லாயிரம் கடல்நாய்கள் இருக்கின்றன என்றாலும் அந்தப் பயணம் நீளமானது, கடலும் முரடு. அந்தப் பக்கம் வெள்ளைச் சுறாவைக் காட்டுவதாகச் சொல்லும் விளம்பரங்களையும் ஐயத்தோடு படியுங்கள். 2017 முதல் இரண்டு ஓர்க்காக்கள் (கொலைகாரத் திமிங்கலங்கள்) அவற்றை வேட்டையாடத் தொடங்கியபின் கான்ஸ்பாய்க் கடலில் வெள்ளைச் சுறா பெரும்பாலும் காணாமற்போய்விட்டது.

படகு எடுப்பதானால் ஒரு சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். அரசின் உரிமம் பெற்ற திமிங்கலப் படகுகள் மட்டுமே 50 மீட்டர் வரை நெருங்கலாம். மற்ற படகுகளும் கயாக்குகளும் 300 மீட்டருக்கு அப்பால்தான் நிற்க வேண்டும். முன்பதிவு செய்யுமுன் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். நேரான விடை கிடைக்காவிட்டால் வேறு படகைத் தேடுங்கள். திமிங்கலத்தின்மேல் ட்ரோன் பறக்கவிடும் எண்ணம் யாருக்கும் இருந்தால் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

இன்னொன்று, பழைய பயண நூல்களைப் படித்துவிட்டு விரிகுடாவில் திமிங்கலங்கள் நிரம்பி வழியும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 1969 முதல் ஆண்டுதோறும் வானிலிருந்து எடுக்கப்படும் ரைட் திமிங்கலக் கணக்கில், அண்மைக் காலத்தில் ஏற்றத்தாழ்வு மிகுந்திருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஈன்ற தாய்த்திமிங்கலங்கள் இப்போது நான்கு ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் ஈனுகின்றன. தெற்கே இரை போதாமையே காரணம் என்று பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் திமிங்கல ஆய்வுக் குழுவினர் கருதுகிறார்கள். வருபவற்றுள் பெரும்பாலானவை தாயும் கன்றுமாகவே இருக்கின்றன. கன்று இல்லாமல் வரும் திமிங்கலங்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன. ஆகவே ஒரு நாளை மட்டும் நம்பாமல் ஹெர்மானஸ் பக்கம் குறைந்தது மூன்று இரவுகளாவது தங்குங்கள்.

மறுமொழி – கோவைப் பயணி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. டர்பன், செயின்ட் லூசியா, பிளெட்டன்பெர்க் பே ஆகிய மூன்றையும் நீக்கிவிடுமாறு முகவரிடம் சொல்லிவிட்டேன். அவருக்குத்தான் முகம் வாடிவிட்டது. கேப் டவுனில் ஐந்து இரவு, டி கெல்டர்ஸில் நான்கு இரவு, மீதி நாட்கள் டி ஹூப் பக்கம் என்று எண்ணுகிறோம். வாடகைக் காரை நானே ஓட்டலாமா, அந்தச் சரளைச் சாலைக்குப் பெரிய வண்டி தேவையா, கடலைப் பார்க்க எந்த நேரம் நல்லது என்பவற்றை மட்டும் சொல்லிவிட்டால் போதும்.

பதில் 5 – மேசைமலை அடிவாரம்

தாராளமாக ஓட்டலாம், இங்கேயும் நம் நாட்டைப் போலச் சாலையின் இடப்பக்கம்தான். ஹெர்மானஸுக்கு நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரம் ஆகும். நேரம் இருந்தால் கார்டன்ஸ் பே வழியாகக் கடலை ஒட்டிச் செல்லும் கிளாரன்ஸ் சாலையில் போங்கள். அங்கே வண்டி நிறுத்தும் இடங்களிலிருந்தே ஃபால்ஸ் விரிகுடாவில் திமிங்கலம் தெரிவதுண்டு. வழியில் பெட்டிஸ் பே ஊரில் பென்குயின் குடியிருப்பாக இருக்கும் ஸ்டோனி பாயிண்ட், ஒரு காலத்தில் திமிங்கலங்களை வெட்டிக் கொழுப்பெடுத்த நிலையம். கரையேற்றும் சரிவுதளத்தின் எச்சம் இன்னும் இருக்கிறது.

சரளைச் சாலைக்குச் சாதாரணக் காரே போதும். மழை பெய்த மறுநாள் அதில் போவதைத் தவிர்த்துவிடுங்கள்; மற்ற நாட்களில் வேகத்தை மணிக்கு அறுபது கிலோமீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுச் சக்கரம் இருக்கிறதா என்று வண்டி வாங்கும்போதே திறந்து பாருங்கள். வாடகை ஒப்பந்தத்தில் சரளைச் சாலையில் சக்கரமும் கண்ணாடியும் சேதமானால் காப்பீடு பொருந்துமா என்பதையும் படித்துவிட வேண்டும்.

நேரம் என்று கேட்டால், காற்றடங்கிய காலைதான். கடல் பளிங்குபோல் கிடக்கும்போது மூச்சுத்திவலை ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் தெரியும். பிற்பகலில் காற்று எழுந்து வெண்ணுரை கிளம்பிவிட்டால் எல்லா அலையும் திமிங்கலமாகத் தெரியத் தொடங்கும். எட்டு மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கி ஒன்று போதும், அதற்குமேல் போனால் கை நடுக்கத்தில் எதுவும் நிலைக்காது. செப்டம்பரில் கடற்காற்று நன்றாகவே குளிரும் என்பதால் தாயாருக்குக் கம்பளியும் காதை மூடும் குல்லாவும் கொண்டுவாருங்கள்.

டி ஹூப்பில் தங்குவதாயின் காப்பகத்துக்குள்ளேயே அறை எடுங்கள். வெளியே தங்கினால் மாலையில் வாயில் மூடுவதற்குள் புறப்பட வேண்டியிருக்கும். கொப்பி அல்லீனில் வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து மணற்குன்றின் மேலுள்ள மரத்தளம் வரை சிறிது தூரம்தான். உங்கள் தாயாருக்கு அதுவே போதும். கடற்கரைக்கு இறங்கும் மணல்வழியில் அவரை அழைத்துச் செல்ல வேண்டாம், ஏறி வருவது சிரமம்.